பழைய உறுப்புகளும் புதிய கருவியும்

ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத்தில், மலைச்சரிவிலே தேயிலை வளர்க்கும் ஊர்களுள் ஒன்று பூனாகலை. மலையகத்தில் கொய்த கொழுந்து வாட்டப்பெற்று, உருட்டப்பெற்று, நொதித்து, அனற்காற்றில் உலர்ந்த பின்னரே கறுப்புத் தேயிலையாகின்றது. தோட்டத்து மக்கள் ஆலை இயந்திரத்துக்கு 'ரோதை முனி' என்று ஒரு காவல் தெய்வத்தையே வைத்து வணங்கினர். அத்தகைய இயந்திரம் உண்மையில் யாருடைய படைப்பு என்பது, ஒரு காலத்தில் நீதிமன்றம் வரை சென்ற வினா ஆகும்.

1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டபோது, இலை கையினாலேயே உருட்டப்பட்டது. அசாம் தோட்டங்களில் கின்மண்ட், ஜாக்சன் என்னும் இருவர் அக்கைத்தொழிலை இயந்திரத்துக்கு மாற்ற முயன்றனர். அவர்களிடையே எழுந்த ஆக்கவுரிமை வழக்கு, 1877இல் கல்கத்தா உயர் நீதிமன்றத் தீர்ப்புகளுள் இடம்பெற்றது.

உருட்டும் மேசை, மேலிருந்து அழுத்தும் மூடி, சுழற்றும் அச்சு ஆகியவற்றைத் தனித்தனியே நோக்கின், எதுவும் புதுமையன்று. எனினும், பழைய உறுப்புகளால் ஆனது என்பதனாலேயே ஒரு கருவி பழையதாகிவிடாது. எல்லாக் கருவிகளும் முன்னிருந்த பொருள்களாலேயே ஆகின்றன. ஆகவே சட்டம் கேட்கும் கேள்வி வேறு: அத்தொழிலில் சாதாரணத் தேர்ச்சியுள்ள ஒருவனுக்கு, அவ்வுறுப்புகளை அவ்வாறு இணைக்கலாம் என்பது தானே தோன்றியிருக்குமா?

இவ்வினாவை இந்திய உச்ச நீதிமன்றம் 1978 டிசம்பர் 13ஆம் நாள் தீர்த்தது. மிர்சாப்பூரில் பித்தளைப் பாத்திரங்களைக் கடைசல் இயந்திரத்தில் மெருகேற்றும்போது, அவை பிடி நழுவிப் பறந்து தொழிலாளரைக் காயப்படுத்தும் அபாயம் இருந்தது. பாத்திரத்தை உறுதியாகப் பற்றும் ஓர் அமைப்புக்கு, ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்னும் நிறுவனம் ஆக்கவுரிமை பெற்றிருந்தது. அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி அவ்வுரிமையை ரத்துச் செய்தார். மேன்முறையீட்டில் இரு நீதிபதிகள் அதனை மீட்டளித்தனர். இறுதியில் உச்ச நீதிமன்றம் முதல் நீதிபதியின் முடிவையே நிலைநாட்டியது. அறிந்த அழுத்துமுனையை அறிந்த கடைசலோடு சேர்த்தது பட்டறையின் வழக்கமான திருத்தமேயன்றிப் புத்தாக்கம் அன்று என்பது அதன் கருத்து.

அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டு வின்ஸ்லோ வழக்கில், மேன்முறையீட்டு நீதிபதி ரிச் ஒரு காட்சியை வருணித்தார். புனைவோன் தன் பட்டறையில் இருக்கின்றான். முன்னோர் செய்த கருவிகளின் விவரங்கள் யாவும் சுவர்களிலே தொங்குகின்றன. அவற்றைக் கண்டு எதனைச் செய்யத் தோன்றும் என்பதே அக்காட்சி எழுப்பும் வினா. ஆனால் மெய்யான பட்டறையில் அத்துணைத் தாள்கள் தொங்குவதில்லை. விடை தெரிந்த பின்னர், எவ்விரு தாள்களைச் சேர்க்க வேண்டும் என்பது எவர்க்கும் எளிதாகவே புலப்படும். ஆகவே, நீதிபதி விடையை மறந்து, விடை பிறவா நாளில் நின்று நோக்குதல் வேண்டும்.

இலங்கையிலும் 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பின்வந்த, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், சாதாரணத் தேர்ச்சியுள்ளவனுக்கு வெளிப்படையாகத் தோன்றாததையே புத்தாக்கமாக ஏற்கின்றது.

இவ்வளவுகோல் எப்பக்கமும் சாயலாகாது. மிகத் தளர்ந்தால், தோட்டத்து மெக்கானிக் நாள்தோறும் செய்யும் பழுதுபார்ப்பும் பிறர் உடைமையாகி, அவன் தன் கைத்திறனுக்கே அனுமதி கேட்க நேரும். மிக இறுகினால், பல பழைய உறுப்புகளுள் ஒருவரும் காணாத உறவைக் கண்டவன் வெறுங்கையோடு திரும்புவான். எனவே இத்தகைய வழக்குகளில், பொருள் புதிதா என்பதோடு, பட்டறையில் நிற்கும் உழைப்பாளியின் அறிவு எவ்வளவு என்பதையும் நீதிமன்றம் அளக்கின்றது. அவ்வறிவைக் குறைத்து மதிப்பிடாதிருத்தலே நீதியின் முதற்கடமை ஆகும்.