திரைக்குப் படஞ் சுமந்த வடம் — ஒரு வரலாற்று நோக்கு

நீலத் தலையும், இரு புறமும் திருகாணியும், மூன்று வரிசையிற் பதினைந்து ஊசிகளும் கொண்ட தடித்த வடமொன்றைக் கணினியோடு பழகியோர் அனைவரும் அறிவர். வி.ஜி.ஏ. வடம் என்பது அதன் பெயர். “இந்த வடம் எவ்வளவு பிரிதிறன் தாங்கும்?” என இளைஞர்கள் வினவுவதும், விற்பவர் உடனே ஓர் எண்ணைச் சொல்லிவிடுவதும் வழக்கம். உண்மை யாதெனில், அவ்வடத்துக்கென விதிக்கப்பட்ட பிரிதிறன் எதுவுமில்லை. இது விந்தையாகத் தோன்றலாம். அதன் பிறப்பை அறிந்தால் விந்தை நீங்கும்.

கதை கணினியிலன்றித் தொலைக்காட்சியிலே தொடங்குகின்றது. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் உள்ளே கதோட்டுக்கதிர்க் குழாய் இருந்தது. ஏட்டின் மீது எழுத்தாணி வரிவரியாகச் செல்வதுபோல, அதன் இலத்திரன் கற்றை திரையின் இடப்புறத்திலிருந்து வலப்புறம் சென்று, மீண்டும் இடப்புறம் வந்து அடுத்த வரியை எழுதும். செல்லும் வழியில் மின்னழுத்தம் கூடினால் ஒளி கூடும், குறைந்தால் மங்கும். இவ்வாறு ஒளியின் ஏற்ற இறக்கத்தை மின்னின் ஏற்ற இறக்கமே ஒத்துக் காட்டுவதனால் இதனை ஒப்புமைச் சமிக்ஞை என்பர். வரி முடிந்ததும் “திரும்பு” எனவும், பக்கம் முடிந்ததும் “மேலே செல்” எனவும் இரண்டு கட்டளைத் துடிப்புகள் உடன் செல்லும். ஒரு படத்துக்கு 525 வரிகள் என்னும் கணக்கை அமெரிக்கா 1941ஆம் ஆண்டில் வகுத்துக்கொண்டது.

1953இல் அந்நாட்டில் வண்ணத் தொலைக்காட்சி விதி வந்தது. மக்கள் ஏற்கெனவே வாங்கியிருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் பயனற்றுப் போகலாகாது என்பதற்காக, வண்ணச் செய்தியை ஒளிச் செய்தியின் உள்ளேயே மடித்து வைத்தனர். மஞ்சள் தலை கொண்ட ஒற்றைக் கம்பியிற் பிற்காலத்தில் வந்த படமும் இத்தகைய கலவையே. சிக்கனமான ஏற்பாடுதான். ஆயினும் கலந்ததைப் பிரிக்கும்போது ஓரங்களில் நிறம் கசியும். சிறிய எழுத்துக்கள் குழம்பும். நாடகம் பார்ப்பவருக்கு அது குறையாகப் படாது. கணக்கேட்டைத் திரையில் வாசிப்பவருக்கோ கண் வலிக்கும்.

1981ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாட் கணினியை வெளியிட்டது. அதன் வண்ணத் திரைக்குச் சென்ற வடம் ஒப்புமை வடமன்று என்பதைப் பலர் அறியார். சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, பொலிவுக்கு ஒன்று என நான்கு கம்பிகள். ஒவ்வொன்றும் உண்டு அல்லது இல்லை என்று மாத்திரமே சொல்லும். ஆக 16 நிறங்கள். இது முழுக்க இலக்கமுறை. 1984இல் வந்த ஈ.ஜி.ஏ. முறையில் நிறமொன்றுக்கு இரண்டு கம்பியாக ஆறு கம்பிகள், 64 நிறங்கள், அவற்றுள் ஒரே வேளையில் 16 மாத்திரமே திரையில் தோன்றும். இம்முறையில் நிறத்தைப் பெருக்கவேண்டுமாயின் கம்பியையும் பெருக்கவேண்டும். இரண்டரை இலட்சம் நிறங்களுக்குப் பதினெட்டுக் கம்பிகள் வேண்டும்!

அக்காலத்திற் பிறிதொரு தொல்லையும் இருந்தது. எழுத்துக்கு மட்டுமான ஒற்றைநிறத் திரைக்கும் வண்ணத் திரைக்கும் ஒன்பது ஊசி கொண்ட ஒரேவகைச் சொருகியே அமைந்திருந்தது. பொருந்துகிறதே என்று மாற்றிச் சொருகினால், வரிவேகம் ஒவ்வாது திரை பழுதாகவும் கூடும். சொருகி பொருந்துவது வேறு, சமிக்ஞை பொருந்துவது வேறு. யப்பானிய நிறுவனமாகிய என்.ஈ.சி. 1980களின் நடுவில் வெளியிட்ட ‘மல்ரிசிங்’ என்னும் திரை, வரும் வேகத்துக்குத் தன்னைத் தானே இசைவித்துக்கொண்டதனால் பெரும் புகழ் பெற்றது.

1987 ஏப்ரல் 2ஆம் திகதி ஐ.பி.எம். தனது பி.எஸ்./2 வரிசையை அறிமுகஞ் செய்தபோது கம்பிச் சிக்கலை ஒரே வெட்டில் அறுத்தது. இலக்கமுறையைக் கைவிட்டு ஒப்புமைக்குத் திரும்பியது! மூன்று நிறத்துக்கும் மூன்றே கம்பிகள். ஒவ்வொன்றிலும் 0 முதல் 0.7 உவோற்று வரை அழுத்தம் வழுவழுவென ஏறி இறங்கலாம். கணினியின் உள்ளே நிறமொன்றுக்கு 64 படிகள் வைத்தனர். மொத்தம் 262,144 நிறங்கள். பிற்காலத்திற் படிகள் 256 ஆகப் பெருகியபோதும் வடத்தில் ஒரு கம்பிதானும் கூடவில்லை. ஒப்புமை பழமை, இலக்கமுறை புதுமை என்று எண்ணிப் பழகிய நமக்கு இந்நிகழ்ச்சி நல்லதொரு பாடம்.

வி.ஜி.ஏ.யின் பெயர்பெற்ற 640×480 என்னும் அளவிலும் தொலைக்காட்சியின் வழிமுறை தெரிகின்றது. கண்ணுக்குத் தோன்றும் வரிகள் 480. தோன்றாதவற்றையும் கூட்டினால் அதே 525. வரிவேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 31,469. இது அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியின் வரிவேகத்துக்குச் சரியாக இரு மடங்கு. நம் நாட்டில் 1982இல் ரூபவாஹினி தொடங்கியபோது கையாண்டது 625 வரிகள் கொண்ட பால் முறையாகும். அந்தத் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீட்டுக்குட் பின்னர் வந்து சேர்ந்த கணினித் திரையோ அமெரிக்கக் கணக்கையே தாங்கி வந்தது.

640×480 படத்தை செக்கனுக்கு 60 தடவை வரையவேண்டுமாயின் ஏறத்தாழ 2 கோடியே 52 இலட்சம் புள்ளிகளின் வேகம் தேவை. 800×600 அளவைப் பொதுவிதியாக்கும் பொருட்டு 1989இல் வீசா என்னும் சங்கத்தை உற்பத்தியாளர் அமைத்தனர். (பயண அனுமதிச் சீட்டுக்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை.) 1024×768க்கு வேகம் ஆறரைக் கோடி, 1920×1080க்கு 14 கோடியே 85 இலட்சம், 1600×1200க்கு 16 கோடியே 20 இலட்சம். இவை யாவும் அதே பதினைந்து ஊசிச் சொருகியினூடே சென்றன. 2048×1536 வரை சென்றதும் உண்டு. வடம் ஒருபோதும் “இதற்கு மேல் இயலாது” என்று மறுப்பதில்லை. வேகம் கூடக்கூடப் படம் மெல்ல மெல்ல மங்குமேயன்றித் திடீரென அறுந்துபோகாது. நிறக்கம்பி மூன்றும் தனித்தனியே உறையிடப்பட்டு 75 ஓம் தடங்கலுடையனவாய் இருப்பின் நெடுந்தூரமும் தெளிவு நிற்கும். அவ்வுறை இல்லாத மலிந்த வடம் 640×480க்குக் குறையின்றி உழைக்கும்; 1600×1200இல் ஒவ்வோர் எழுத்தின் அருகிலும் நிழலெழுத்தொன்று எழும். அந்நிழல், சமிக்ஞையின் ஒரு பகுதி முனையில் மோதி எதிரொலிபோலத் திரும்பி வருவதால் உண்டாவது.

தட்டைத் திரைகள் பரவியதும் இம்முறையின் பெருங்குறை வெளிப்பட்டது. கணினியின் உள்ளே இலக்கமாயிருந்த படம் வடத்துக்காக ஒப்புமையாகி, திரைக்குட் போய் மறுபடியும் இலக்கமாக வேண்டியிருந்தது. இடைவழியில் ஒரு செய்தி தொலைந்தது. எங்கே வரி தொடங்கும் என்பதை வடம் சொல்லும். எங்கே ஒரு புள்ளி முடிந்து அடுத்த புள்ளி தொடங்கும் என்பதைச் சொல்லாது. கதோட்டுக் குழாய்க்கு அது தேவையுமில்லை. தட்டைத் திரையோ அதை ஊகித்தே அறியவேண்டும். ஊகம் சற்றே பிழைத்தால் எழுத்துக்கள் நடுங்கும், செங்குத்தான பட்டைகள் தோன்றும். அத்திரைகளில் ‘ஓட்டோ’ என்று பொறித்த பொத்தான், அந்த ஊகத்தை மீண்டும் ஒருமுறை செய்யச் சொல்வதேயாகும்.

1999இல் டி.வி.ஐ. சொருகி வந்தது. அதன் ஒரு வகையில் இலக்கமுறை ஊசிகளோடு ஒப்புமை ஊசிகளையும் சேர்த்தே வைத்தனர். 2002இல் வெளியான எச்.டி.எம்.ஐ. விதியில் ஒப்புமைக்கு இடமே இல்லை. 2010 டிசம்பரில் இன்ரெல், ஏ.எம்.டி. முதலிய நிறுவனங்கள் ஒன்றுகூடி, 2015ஆம் ஆண்டளவில் வி.ஜி.ஏ.யைக் கைவிடப்போவதாக அறிவித்தன.

ஆயினும் மண்டபச் சுவரில் தொங்கும் பழைய புரொஜெக்ரரை இன்றைய மடிக்கணினியோடு இணைக்க முனைவோர் இரண்டைக் கவனித்தல் நன்று. எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.க்கு வெறுங் கம்பியால் மாற்ற இயலாது. இலக்கத்தை ஒப்புமையாக்கும் சிறு மின்சுற்று உள்ளிருக்கும் மாற்றியே வேண்டும். மற்றது, திரை தன் அளவுகளைக் கணினிக்குத் தெரிவிக்கும் வசதி 1994இல் வகுக்கப்பட்டது. அதற்கு 12ஆம் 15ஆம் ஊசிகள் தேவை. அவை இல்லாத வடத்தைச் சொருகினால், எதிரே இருப்பது எத்திரை என்றறியாத கணினி 800×600 அல்லது 1024×768 என்று குறைத்தே கொடுக்கும். அவ்வேளை புரொஜெக்ரரைக் கழற்றுமுன் வடத்தின் ஊசிகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கவும்.