பொதுவுடைமையான கருவி

கணிப்பொறியை இயக்கும் கட்டளைத் தொகுதியை மென்பொருள் என்கிறோம். அதன் மூலவரிகளை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம் என்னும் உரிமையோடு வெளிவருவதே கட்டற்ற மென்பொருள். 1983-ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் ரிச்சர்டு ஸ்டால்மன் இம்முயற்சியை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார்.

ஆயினும், அஃது உளதென்று அறியாதார்க்கு விலையில்லாப் பொருளும் இல்லாப் பொருளே அன்றோ? அறிந்த சிலரும் ஆங்கில விளக்கங்களைக் கண்டு மலைத்தனர். வளரும் நாடுகளின் பள்ளிகளும் சங்கங்களும் இதனால் பின்தங்கின. இக்குறையை நீக்க நம் நாட்டில் நடந்த பணியையே ஈண்டு உரைக்கின்றோம்.

2005-இல் சென்னையில் இதற்கெனத் தேசிய வள மையம் தோன்றியது. சி-டாக் நிறுவனமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் அதனை நடத்தின. சி-டாக் ஆக்கிய 'பாஸ்' என்னும் லினக்ஸ் தொகுப்பு 2007-இல் வெளிவந்தது. அக்காலத்திலேயே திரு. சி. உமாசங்கர் அவர்களின் தலைமையில் தமிழக அரசின் எல்காட் நிறுவனமும் லினக்ஸுக்கு மாறியது. அரசு நிறுவனமே மாறக் கண்டபின், ஏனையோர்க்கு அச்சம் ஏன்?

நம் குர்லாவுக்குச் சிறிது தொலைவில், பவாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் வேறொரு வழி கண்டது. பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா அவர்களின் தலைமையில், மத்திய அரசின் உதவியோடு, 'ஸ்போக்கன் டுடோரியல்' என்னும் பாடங்களை வழங்கியது. ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்து நிமிடம். கற்பவர் கண்டுகொண்டே தாமும் செய்து பார்க்கலாம். திரையில் ஆங்கிலமே தோன்றும்; விளக்கும் குரலோ தமிழ் முதலான பல மொழிகளில் ஒலிக்கும். எனவே மொழியறியாமை தடையாவதில்லை. வேலைக்கு வேண்டிய ஆங்கிலச் சொற்களும் நழுவுவதில்லை.

இது நம்மைப் போன்ற சங்கங்களுக்கும் உரிய செய்தி. தனியார் எழுத்துருக்களில் கோத்த பழைய மலர்கள், அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் வெறுங்குறிகளாய்த் தெரிகின்றன. ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்றது. அவ்வெழுத்தில், எந்நிறுவனத்தின் பூட்டுமின்றித் திறக்கும் வடிவில், மலரும் கணக்கேடும் இருப்பின் நாளைய தலைமுறையும் அவற்றைப் படிக்கும். லிப்ரே ஆபீஸ் போன்றவை இருக்கக் கள்ளப்படிகளை நாடுவதும் நமக்கு அழகன்று.

மாறுவதற்கு உழைப்பும் பொறுமையும் வேண்டும் என்பது உண்மை. நம் காலனிப் பிள்ளைகள் கற்றுப் பெரியோர்க்கும் கற்பிப்பாராயின், அவ்வுழைப்பு எளிதாகும். அதற்கான பாடங்கள் தமிழிலேயே உள்ளன. இனித் தொடங்க வேண்டியவர் நாமே.