பாவித்த கஞ்சாச் சக்கையை வைத்திருப்பதும் குற்றமா?

வெளிநாட்டில் படிக்கும் மகன் விடுமுறைக்கு வீடு வருகிறான். அவனது பயணப் பையைத் துப்புரவு செய்யும் உம்மாவின் கையில் ஒரு சின்ன டப்பா அகப்படுகிறது. உள்ளே பழுப்பு நிறத்தில் காய்ந்த தூள். "அது வேப் கருவியில் பாவித்து முடிந்த கஞ்சா, வெறும் சக்கை, அதில் ஒன்றும் இல்லை" என்கிறான் மகன். அந்த இடத்தில் பெற்றோர் எதை நம்புவது? நமது ஊர்களில் இன்று எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடிய கேள்வி இது. சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சக்கையில் என்ன மிஞ்சுகிறது?

பீடி போலச் சுற்றிப் புகைக்கும்போது கஞ்சா எரிந்து சாம்பலாகிறது. ஆவியாக்கும் கருவியில் அது எரிவதில்லை. ஏறத்தாழ 160 முதல் 220 பாகை செல்சியஸ் வரை சூடாக்கப்பட்டு, போதை தரும் டி.எச்.சி. என்ற இரசாயனம் ஆவியாகப் பிரிகிறது. ஆனால் முழுவதும் பிரிந்து போவதில்லை. எவ்வளவு மிஞ்சும் என்பது சூட்டையும் நேரத்தையும் பொறுத்தது. இன்னொரு விடயமும் உண்டு. பச்சைக் கஞ்சாவில் உள்ள அமில வடிவம் சூடாகும்போதே போதை தரும் வடிவத்துக்கு மாறுகிறது. ஆகவே மிஞ்சிய சக்கையை நேரடியாக உண்டாலும் போதை ஏறும். சிலர் அதைச் சேர்த்து வைத்துத் தின்பண்டங்களில் கலப்பதும் இதனால்தான். "அதில் ஒன்றும் இல்லை" என்ற வாதம் இரசாயனக் கூடத்திலேயே தோற்றுவிடும்.

இலங்கைச் சட்டம்

நமது நாட்டில் கஞ்சாவைக் கட்டுப்படுத்துவது 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். அது 1984இலும் 2022இலும் முக்கியமான திருத்தங்களைக் கண்டது. ஆயுர்வேத மருத்துவத்துக்கென அனுமதி பெற்ற வழியைத் தவிர, தனிநபர் கஞ்சா வைத்திருக்க இடமில்லை. இவ்வளவுக்குக் குறைந்தால் குற்றமில்லை என்ற விலக்கும் அந்தச் சட்டத்தில் கிடையாது. பாவித்தது, பாவிக்காதது என்ற பிரிவும் இல்லை. அளவு, தண்டனையின் கனத்தைத்தான் மாற்றுகிறது.

அதேநேரம், பொருள் கையில் இருந்தது என்று பொலிஸார் சொல்வது மட்டும் போதாது. அது சந்தேகநபரின் கட்டுப்பாட்டில் இருந்தது, அவர் அதை அறிந்தே வைத்திருந்தார் என்பதை வழக்குத் தொடுநர் நிரூபிக்க வேண்டும். கைப்பற்றிய பொருள் முத்திரையிடப்பட்டு அரச இரசாயனப் பகுப்பாய்வாளரிடம் போய், அது கஞ்சாதான் என்ற அறிக்கை வர வேண்டும். ஒரே அறையில் பலர் தங்கியிருக்கும் விடுதிகளில் அது யாருடைய டப்பா என்ற கேள்வி சட்டத்தரணிக்கு முக்கியமானது.

தூசியளவு இருந்தால்?

நமது சட்ட முறைக்குப் பழைய உறவுள்ள பிரித்தானியாவில் இந்தக் கேள்வி உயர் நீதிமன்றங்கள் வரை போயிருக்கிறது. பாவிக்க முடியாத அளவுக்குச் சிறியதென்றால் குற்றமில்லை என்று 1978இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கருதியது. 1982இல் பிரபுக்கள் சபை அதை மாற்றியது. அந்த வழக்கில் பிடிபட்டது 5 மில்லிகிராம் கஞ்சாப் பிசின் மட்டுமே. கண்ணுக்குத் தெரிகிறதா, தொட முடிகிறதா, அளக்க முடிகிறதா என்பதே அங்கு அளவுகோலாயிற்று. டப்பாவில் சேர்த்து வைத்த சக்கை இம்மூன்றுக்கும் உட்படும். மறுபக்கம், கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் 1966இல், கரண்டியில் ஒட்டிய ஹெரோயின் எச்சம் பாவிக்கத்தக்க அளவில்லை என்று கூறி வேறு வழியில் சென்றது. ஒரு நாட்டின் தீர்ப்பை இன்னொரு நாட்டில் நம்பி இருக்க முடியாது என்பதற்கு இதுவே சான்று.

விமான நிலையத்தில்

நம்மவர்களுக்கு உண்மையான ஆபத்து இங்குதான். கனடா 2018 ஒக்டோபரிலும் ஜேர்மனி 2024 ஏப்ரலிலும் வயது வந்தோர் குறித்த அளவு கஞ்சா வைத்திருக்க அனுமதித்தன. ஆனால் கனடாவிலிருந்து அதை வெளியே எடுத்துச் செல்வது கனடாவின் சட்டப்படியே குற்றம். அங்கு வாங்கிய ரசீதோ மருத்துவச் சீட்டோ கட்டுநாயக்கவில் அனுமதிப் பத்திரம் ஆகிவிடாது.

வளைகுடா இன்னும் கடுமையானது. 2007இல் டுபாய் விமான நிலையத்தில் பிரித்தானியர் ஒருவரின் சப்பாத்து அடியில் ஒட்டியிருந்த 0.003 கிராம் கஞ்சாவுக்கு நான்கு வருடச் சிறை விதிக்கப்பட்டது. பின்னர் மன்னிப்பில் விடுதலையானார். ஐக்கிய அரபு அமீரகம் 2021இல் கொண்டுவந்த புதிய சட்டம் முதல் தடவை அகப்படுபவர்களுக்கான தண்டனையை ஓரளவு தளர்த்தியது உண்மைதான். ஆனாலும் வேலையும் விசாவும் பறிபோக ஒரு வழக்குப் போதும். சவூதியில் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை உண்டு. 2022 நவம்பரில் அது மீண்டும் நிறைவேற்றப்படத் தொடங்கியது. கழுவாத வேப் கருவி, அரைக்கும் டப்பா, பழைய பை ஆகியவற்றில் ஒட்டியிருப்பதும் பரிசோதனையில் தெரியவரலாம். நண்பரின் பையை "கொண்டு போய்க் கொடு" என்று வாங்கிச் செல்வதைத் தவிர்க்க வேண்டியதும் இதனால்தான்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

முதலில், அதைச் சேர்த்து வைப்பதோ தபாலில் திருப்பி அனுப்புவதோ கூடாது. பிள்ளை பிடிபட்டிருந்தால், வாக்குமூலத்துக்கு முன் சட்டத்தரணியைச் சந்திக்க முயலுங்கள். வாசிக்காத, விளங்காத மொழியில் எழுதிய எதிலும் கையொப்பம் இட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

அதைவிட முக்கியமானது, டப்பாவுக்குப் பின்னால் இருக்கும் பழக்கம். சக்கையைக் கூட எறியாமல் சேர்த்து வைக்கிறான் என்றால் அது ஒருநாள் விளையாட்டாக இருக்க வாய்ப்புக் குறைவு. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், போதைக்கு அடிமையானவர்கள் தாமாகவே முன்வந்து சிகிச்சை பெற வழி வைத்திருக்கிறது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ ஆகிய இடங்களில் நிலையங்களை நடத்துகிறது. ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சி மறைக்கும் குடும்பங்கள்தான் கடைசியில் நீதிமன்ற வாசலில் நிற்கின்றன. பிள்ளையை நாம் அழைத்துச் செல்லும் வரை தெரிவு நம் கையில். பொலிஸ் அழைத்துச் சென்ற பிறகு அது நீதிவானின் கையில்.