பெயர் வராத வரிசை

1972ஆம் ஆண்டு மூனிக் ஒலிம்பிக்கில் மலேசியக் காற்பந்து அணி மூன்று ஆட்டங்கள் ஆடியது. மேற்கு ஜெர்மனியிடம் 0-3 என்று தோற்றது. அமெரிக்காவை 3-0 என்று வென்றது. மொராக்கோவிடம் 0-6 என்று தோற்றது. அமெரிக்காவுக்கு எதிராகக் கோல் அடித்தவர்களில் ஒருவர் பினாங்கைச் சேர்ந்த ஷஹாருடின் அப்துல்லா. அவருடைய சகோதரர் நாமாட் அப்துல்லாவும் அந்த ஒலிம்பிக் அணியில் இருந்தார். நாமாட் தற்காப்பு ஆட்டக்காரர். அணித்தலைவர் எம். சந்திரனும் தற்காப்பு ஆட்டக்காரர்தான். பிற்காலத்தில் 'தவுக்கே' என்று பெயரெடுத்த சோ சின் ஆன் அப்போது 22 வயதுப் பையன், அவரும் அதே வரிசை.

ஷஹாருடினைத் தேடினால் எண்கள் கிடைக்கும். எத்தனை ஆட்டம், எத்தனை கோல், யாருக்கு எதிராக என்று அடுக்கிக்கொண்டே போகலாம். நாமாட்டைத் தேடினால் அணிப் பட்டியலில் ஒரு பெயர் கிடைக்கும். அவ்வளவுதான். ஒரே ஊர், ஒரே குடும்பம், ஒரே சட்டை. ஒருவருக்குக் கணக்கு எழுதிய வரலாறு இன்னொருவருக்கு எழுதவில்லை.

அமெரிக்காவை வென்ற ஆட்டத்தின் '3'க்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். '0' யாருடையது? தற்காப்பு வரிசையுடையது என்று சொன்னால் மொராக்கோ ஆட்டத்தின் '6'உம் அவர்களுடையதுதான் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரே வாரத்துக்குள் அதே தற்காப்பு 3, 0, 6 என்று மூன்று விடைகளைத் தருகிறது. இதில் எது அவர்களின் பலம்? எதிரணியின் தரம், நடுத்திடலில் பந்தைப் பறிகொடுத்தவன், கோல் காவலர், களைப்பு எல்லாம் கலந்து வந்த எண் அது. அதிலிருந்து வரிசையை மட்டும் தனியே பிரித்தெடுக்க வழி இல்லை.

ஜார்ஜ் டவுன் கோப்பிக் கடைகளில் பழைய காற்பந்துப் பேச்சு இன்னும் ஓய்ந்துவிடவில்லை. 1974இல் பேராக்கை 2-1 என்று வென்று மலேசியக் கிண்ணத்தை எடுத்துவந்த கதையைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பினாங்கு அந்தக் கிண்ணத்தைக் கடைசியாக வென்றது அப்போதுதான். கோல் விழுந்த கதைக்குக் கையும் காலும் சேர்ந்து ஆடும். பின்னால் நின்றவர்களைப் பற்றிக் கேட்டால் பேச்சு சுருங்கிவிடும். "அவன் இருந்தா பயமில்ல தம்பி" என்பார்கள். பிறகு மீண்டும் கோலுக்குப் போய்விடுவார்கள்.

இந்தப் 'பயமில்ல'வை எப்படி அளப்பது? உலகத்தில் இந்தக் கேள்விக்கு அதிகப் பணமும் மூளையும் செலவழித்தவர்கள், மூனிக்கில் நம்மிடம் தோற்ற அமெரிக்கர்களே. ஆனால் அவர்களுடைய சொந்தக் காற்பந்தில். கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் அந்த ஆட்டம் நம்மில் பலருக்குப் பிடிபடாது. எனக்கும் அதன் விதிகளில் பாதிதான் பிடிபடும். இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அதில் ஒரே ஒரு பகுதி.

தாக்கும் அணியின் 11 பேரில் ஐந்து பேர் முன்னால் வரிசையாக நிற்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், ஓரங்களில் டேக்கிள்கள். 'அஃபென்சிவ் லைன்' என்று பெயர். நான் முன்வரிசை என்றே எழுதுகிறேன். ஒவ்வொருவரும் 140 கிலோவைத் தொடுகிற ஆட்கள். வழக்கமான ஆட்டத்தில் அவர்கள் பந்தை வீசுவதில்லை, பிடிப்பதில்லை, தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. பின்னால் நிற்கும் குவாட்டர்பேக் பந்தை வீசும்வரை, எதிரிகள் அவர் மேல் வந்து விழாமல் மறிக்க வேண்டும். இல்லையென்றால் பந்தோடு ஓடுபவனுக்கு வழி திறந்துவிட வேண்டும். சென்டர் கால்களுக்கு இடையில் பந்தைப் பின்னால் கொடுத்த இரண்டு மூன்று வினாடிகளில் இந்த வேலை முடிந்துவிடும். நம் சந்திரனும் நாமாட்டும் செய்ததற்கு இது வேறு ஆட்டம், வேறு திசை. ஆனால் சாரம் ஒன்றுதான்: வந்துசேர வேண்டியவனை வந்துசேர விடாமல் செய்வது.

இவர்கள் பெயர் அரங்கத்தில் எப்போது ஒலிக்கும் தெரியுமா? தப்பு செய்யும்போது. எதிரியைச் சட்டையைப் பிடித்து இழுத்தால் நடுவர் ஒலிபெருக்கியில் அவருடைய எண்ணைச் சொல்லி, பத்து கஜம் பின்னால் போகச் சொல்வார். ஒழுங்காக மறித்த மற்ற அறுபது எழுபது தடவைகளுக்கு அறிவிப்பு கிடையாது.

1982இல் வாஷிங்டன் அணியின் முன்வரிசைக்குப் பயிற்றுநர் ஜோ பூகல் 'ஹாக்ஸ்', அதாவது பன்றிகள், என்று செல்லப்பெயர் வைத்தார். அந்த வரிசையின் பின்னால் ஓடி அணி அந்தப் பருவத்தின் சாம்பியன் ஆனது. லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது அதே அணிக்குத்தான் வந்தது. யாருக்கு? மார்க் மோஸ்லி என்ற, பந்தை உதைக்க மட்டும் திடலுக்குள் வரும் கிக்கருக்கு. முன்வரிசைக்காரர் ஒருவருக்கும் அந்த விருது இன்றுவரை கிடைத்ததில்லை. குவாட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவதற்கு 'சாக்' என்று பெயர். யார் வீழ்த்தினார் என்பதை லீக் அதிகாரபூர்வக் கணக்கில் சேர்த்ததும் 1982இல்தான். உடைத்தவனுக்கு எண் வந்தது, தடுத்தவனுக்கு வரவில்லை.

முதலில் எல்லாரும் பிடித்துக்கொண்டது அந்த சாக் எண்ணிக்கையைத்தான். குறைவாக சாக் வாங்கிய அணியின் வரிசை பலமான வரிசை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 1988இல் மயாமி அணி 16 ஆட்டங்களில் வெறும் 7 சாக் மட்டுமே வாங்கியது. அது ஒரு சாதனை. ஆனால் அந்த வரிசையின் தூணாக இருந்த சென்டர் டுவைட் ஸ்டீஃபன்சன் 1987 கடைசியில் முழங்கால் உடைந்து ஒதுங்கியிருந்தார். தூண் போன பிறகு எண் எப்படி நன்றாகும்? பின்னால் நின்றவர் டான் மரினோ. பந்து கைக்கு வந்தவுடன் வீசிவிடுகிறவர். எதிரி நெருங்குவதற்குள் பந்து அங்கே இருக்காது. வரிசையை அளக்கிறோம் என்று நினைத்தவர்கள் பாதி மரினோவின் மணிக்கட்டை அளந்திருக்கிறார்கள்.

2003இல் ஆரன் ஷாட்ஸ் தொடங்கிய 'ஃபுட்பால் அவுட்சைடர்ஸ்' இன்னொரு வழியைப் பார்த்தது. பந்தோடு ஓடியவன் கடந்த தூரத்தைப் பங்குபோடுவது. முதல் நான்கு கஜம் முழுவதும் வரிசையின் உழைப்பு. ஐந்திலிருந்து பத்துவரை பாதிப் பங்கு. அதற்கு மேல் ஓடியது ஓடியவனின் திறமை, வரிசைக்குப் பங்கில்லை. பின்னால் தள்ளப்பட்டால் மட்டும் வரிசையின் தலையில் 120 விழுக்காடு பழி. பாகப்பிரிவினை மாதிரி ஒரு கணக்கு. சரியோ தப்போ, விளைவு ஒருவனுடையது இல்லை, அதைப் பிரிக்க வேண்டும் என்று எண்ணிலேயே ஒத்துக்கொண்டது பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

நீல் ஹார்ன்ஸ்பி என்ற ஆங்கிலேயர் தொடங்கிய 'புரோ ஃபுட்பால் ஃபோகஸ்' கணக்கை விட்டுவிட்டுக் கண்ணை நம்பியது. ஒவ்வொரு ஆட்டத்தையும் காணொளியில் பார்த்து, ஒவ்வொரு ஆளுக்கும், ஒவ்வொரு நகர்வுக்கும் மைனஸ் 2 முதல் பிளஸ் 2 வரை மதிப்பெண். இதற்கும் மறுப்பு வந்தது. யார் யாரை மறிக்க வேண்டும் என்று உள்ளே என்ன பேசிவைத்தார்கள் என்பது பார்ப்பவருக்குத் தெரியாதே? தன் ஆளை விட்டுவிட்டு நிற்பதுபோல் தெரிபவன் பக்கத்துக்காரன் செய்த தப்பை அடைக்க நகர்ந்தவனாக இருக்கலாம். பிறகு தோள் கவசங்களுக்குள் சிப் வந்தது. 2018 முதல் இ.எஸ்.பி.என். அந்தத் தரவை வைத்து, ஒருவர் எதிரியை 2.5 வினாடி தடுத்து நின்றாரா இல்லையா என்று கணக்கிடுகிறது. நின்றால் வெற்றி. 2.5 வினாடி! கோப்பிக் கடைக்காரர் சொன்ன 'பயமில்ல'வுக்கு அமெரிக்காக்காரன் கண்டுபிடித்த நீளம் அது.

எண்களுக்கு முன்பே ஒரு சாட்சி அங்கே பேசியிருக்கிறது. மைக்கேல் லூயிஸ் 2006இல் எழுதிய 'தி பிளைண்ட் சைட்' என்ற புத்தகம் 1985 நவம்பர் 18 இரவில் தொடங்குகிறது. லாரன்ஸ் டெய்லர் பாய்ந்ததில் குவாட்டர்பேக் ஜோ தைஸ்மனின் கால் முறிந்து, அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது. வாஷிங்டனின் வழக்கமான இடது டேக்கிள் ஜோ ஜேக்கபி அன்று காயத்தால் ஆடவில்லை. குவாட்டர்பேக்கின் கண்ணுக்குத் தெரியாத முதுகுப்பக்கத்தைக் காப்பவர் இடது டேக்கிள். 1993இல் ஆட்டக்காரர்கள் அணி மாறும் சுதந்திரம் பெற்றதும் இடது டேக்கிள்களின் சம்பளம் மளமளவென்று ஏறியது. புள்ளிவிவரத்தில் இல்லாதவனுக்கு முதலாளிகள் கோடிகளைக் கொட்டினார்கள். அவன் இல்லாத நாள் எப்படி இருக்கும் என்று அவர்கள் பார்த்துவிட்டார்கள்.

இந்த நாற்பது வருட முயற்சியிலிருந்து எனக்குக் கிடைப்பது ஒரு சூத்திரம் அல்ல, சில கேள்விகள். வரிசையைத் தனித்தனி ஆளாக அளக்க முடியாது, ஐந்தில் ஒன்று ஓட்டையானால் மற்ற நான்கும் வீண். அப்படியானால் எத்தனை காலம் அதே ஆட்கள் சேர்ந்து நின்றார்கள்? ஒருவர் இல்லாதபோது என்ன ஆனது? எதிரணி எந்தப் பக்கத்தைத் தவிர்த்தது? தேர்வாளர்கள் திரும்பத் திரும்ப யாரைக் கூப்பிட்டார்கள்?

இந்தக் கேள்விகளோடு மலேசியாவுக்குத் திரும்பி வந்தால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கிறது. சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் எழுபதுகள் முழுக்கத் தற்காப்பின் நடுவில் சேர்ந்து நின்றார்கள். சோ சின் ஆன் நாட்டுக்காக ஆடிய ஆட்டங்கள் 195 என்கிறது ஒரு பட்டியல். ஒலிம்பிக் தொடர்பான ஆட்டங்களையும் மற்றவற்றையும் எப்படிச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து வேறு பட்டியல்களில் எண் மாறுகிறது. எதை எடுத்தாலும், பயிற்றுநர்கள் மாறியும் அந்தப் பெயர் மாறவில்லை. அது பல பேர் பல வருடம் போட்ட மதிப்பெண். சந்திரனைத் தலைவராக்கி மூனிக்குக்கு அனுப்பியதையும் நான் அப்படித்தான் படிக்கிறேன். தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு தற்காப்பு ஆட்டக்காரர் நாட்டை ஒலிம்பிக்கில் வழிநடத்தினார் என்பது நம் வகுப்பறைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆர். ஆறுமுகத்தை எல்லாருக்கும் தெரியும். 'ஸ்பைடர்மேன்'. 1980 ஏப்ரல் 6ஆம் தேதி மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோது கோல் கம்பத்தில் நின்றவர். சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்து நாடு ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அணி மாஸ்கோவுக்குப் போகவில்லை. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் ஆறுமுகம் இறந்தார். 2016இல் வந்த 'ஓலா போலா' படம் அந்தத் தலைமுறையைப் புதிய பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்தது. அவர் புகழ் நியாயமானது. ஆனால் அவர் பாய்ந்து பிடித்த பந்து கண்ணுக்குத் தெரிந்தது. அவர்வரை வந்துசேராத பந்து யார் கண்ணுக்கும் தெரியவில்லை. முன்னால் நிற்கும் வரிசை எவ்வளவு நன்றாக ஆடுகிறதோ, அவ்வளவுக்குக் காவலர் பாய வேண்டிய தேவை குறையும்.

இதை வெறும் விளையாட்டுக் கவலையாக என்னால் விட முடியவில்லை. பினாங்கில் கப்பலிறங்கி, அன்று வெல்லஸ்லி மாகாணம் எனப்பட்ட செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் ஆவணங்களும் இதே மாதிரிதான் இருக்கின்றன. 1910இல் அந்த ஒப்பந்த முறை நிறுத்தப்படும்வரை, ஓடிப்போனபோது, தண்டனை பெற்றபோது, இறந்தபோதுதான் ஒருவர் பெரும்பாலும் ஏட்டில் பெயராக வருகிறார். ஒழுங்காக வேலை செய்த நாட்களில் அவர் தலை எண்ணிக்கையில் ஒன்று. பத்து கஜம் அபராதம் போடும்போது மட்டும் எண்ணைக் கூப்பிடும் நடுவர் எனக்கு ஞாபகம் வருகிறார். அவர்கள் குடியிருந்த வீடுகளுக்கும் 'லைன்' என்றுதான் பெயர், நம் வாயில் அது லயம் ஆனது. ஏட்டை மட்டும் நம்பி எழுதினால், அந்த மக்களின் வரலாறு தப்பித்தவர்கள், தண்டிக்கப்பட்டவர்கள், செத்தவர்களின் வரலாறாக மட்டுமே இருக்கும். மீதி எல்லா நாட்களும் தோட்டத்தை நிறுத்தியவர்கள் யார்?

காற்பந்து விஷயத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். பழைய ஆங்கிலப் பத்திரிகைகளைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. அவற்றில் கோல் விழுந்த நிமிடம்வரை கிடைக்கும். 1924 முதல் வந்த 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோனது. 1974இல் பத்து வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்த பையனுக்கு இன்று அறுபதைத் தாண்டிவிட்டது.

இலக்கியம் படிக்கும் இளைஞர்கள் வாய்மொழி வரலாறு சேகரிக்கப் போகும்போது, "யாருங்க நல்லா ஆடினாங்க?" என்று கேட்டால் கோல் அடித்தவர் பெயர்தான் வரும். வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள். யார் பக்கத்தில் யார் நிற்பார்? அவர் ஆடாத ஆட்டத்தில் என்ன நடந்தது? எதிரணியின் வேகமான ஆள் எந்தப் பக்கம் வராமல் அடுத்த பக்கம் ஓடினான்? நாமாட் நின்ற பக்கத்தைப் பற்றி நான் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "அவன் இருந்தா பயமில்ல" என்று ஒருவர் சொல்லும்போது பேச்சை அங்கேயே நிறுத்தி, ஏன் பயமில்லை என்று கேட்க வேண்டும். அவர் யோசிப்பார். கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை காத்திருக்க வேண்டும்.