திரையில் சிந்தும் 'ரத்தம்': குறைந்த செலவில் உருவாக்குவது எப்படி?

சண்டைக் காட்சியில் நடிகரின் சட்டையை நனைக்கும் 'ரத்தம்' பெரும்பாலும் சர்க்கரைப் பாகுதான். பெரிய படங்களுக்கு, ஒப்பனைக்கென்றே தயாரிக்கப்பட்ட செயற்கை ரத்தம் விலைக்கு வாங்கப்படுகிறது. குறும்படக் குழுவினரும் திரைப்படக் கல்லூரி மாணவர்களும் சமையலறைப் பொருள்களைக் கொண்டே அதைத் தயாரித்துக்கொள்கின்றனர். அது போதுமானதே. ஆனால், மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக எந்தச் சாயத்தையும் நடிகரின் வாயில் ஊற்றிவிட முடியாது.

1960-இல் வெளியான ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படக் குளியலறைக் காட்சியில் ஓடியது சாக்லேட் பாகு. கருப்பு-வெள்ளைப் படம் என்பதால் நிறம் பொருட்டாக இல்லை. அடர்த்தியே முக்கியமாக இருந்தது. சிறிய முதலீட்டில் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) படத்திலும் இதே உத்திதான் கையாளப்பட்டது.

வண்ணப் படங்களுக்கான தீர்வைத் தந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித். மக்காச்சோளப் பாகு, சிவப்பு, மஞ்சள் உணவு நிறமிகள், சிறிதளவு துத்தநாக ஆக்சைடு ஆகியவற்றுடன், புகைப்படச் சுருளைக் கழுவப் பயன்படும் திரவத்தையும் அவர் சேர்த்தார். துணியின் மேல் முத்துமுத்தாக நிற்காமல் 'ரத்தம்' ஊறிப் பரவியதற்கு அத்திரவமே காரணம். அது நச்சு என்பதால், அந்தக் கலவையை வாயில் வைக்கக் கூடாது.

இந்தியாவில் மக்காச்சோளப் பாகுக்கு மாற்றாக, கேக், இனிப்பு தயாரிப்புப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும் லிக்விட் குளுக்கோஸைப் பயன்படுத்தலாம். ஒரு கோப்பை குளுக்கோஸுக்குக் கால் கோப்பை வெந்நீர் என்ற அளவில் தொடங்கலாம். அந்த நீரில் ஒரு தேக்கரண்டி கோகோ தூளைக் கட்டியின்றிக் கரைத்த பிறகே பாகில் சேர்க்க வேண்டும். பின்னர் சிவப்பு நிறமியும், ஓரிரு துளி நீலமும். வாய்க்குப் போகாத, துணிக்கான கலவையில் மட்டும் சில துளி பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்தால், அது நன்கு ஊறும். பின்னர் துவைப்பதும் எளிது.

போலி ரத்தம் போலியாகவே தெரிவதற்கு முதன்மையான காரணம், அது அளவுக்கு மீறிச் சிவப்பாக இருப்பதுதான். உண்மையான ரத்தம் ஒளி ஊடுருவாதது; தமனியிலிருந்து வருவது பளிச்செனவும், சிரையிலிருந்து வருவது கருஞ்சிவப்பாகவும் இருக்கும். காயும்போது, ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைவதால் பழுப்பாக மாறும். ஆறாத காயத்துக்கும் மறுநாள் கறைக்கும் ஒரே கலவையைப் பூசினால் பார்வையாளர் கண் ஏற்காது. பழைய கறைக்குக் கோகோவைக் கூட்ட வேண்டும். பாகில் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் தன்மையைக் குறைப்பதும் அந்தக் கோகோவே. கலவையை வெறும் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், காட்சிக்குரிய விளக்கொளியில் அதே கேமராவில் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

நிறமியைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. துணிச் சாயமான ரோடமின்-பி கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழகத்தில் பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டது நினைவிருக்கலாம். அத்தகைய சாயம் படப்பிடிப்புத் தளத்திலும் வாய்க்குள் போகக் கூடாது. கார்மோய்சின், பான்சோ 4ஆர் போன்ற, உணவில் அனுமதிக்கப்பட்ட நிறமிகளையே வாங்க வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தி நீரின் நிறம் பொருத்தமாகத் தோன்றலாம். ஆனால், சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படும்.

துப்பாக்கிக் குண்டு பாயும் காட்சிகளில், 'ஸ்குவிப்' எனப்படும் சிறு வெடிப்பொருள் ஆடைக்குள் வைக்கப்படுவது உண்டு. பயிற்சி பெற்ற வல்லுநர் இல்லாத குழு அதைத் தொடவே கூடாது. கலவை நிரப்பிய சிறு பலூனைத் தூண்டில் நரம்பால் இழுத்துக் கிழிப்பது, ஆடைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி மறுமுனையிலிருந்து ஊசிக்குழலால் தள்ளுவது ஆகியவை வெடிப்பொருள் இல்லாமலேயே அதே விளைவைத் தரும். சட்டையில் துளை விழ வேண்டிய இடத்தை முன்கூட்டியே உட்புறமாகத் தேய்த்து நலிவாக்கி வைத்தால் போதும்.

பாகு சிந்திய தரை வழுக்கும். எறும்பும் ஈயும் தேடி வரும். நடிகரின் தோலில் முன்னதாக வாசலின் தடவினால் கறை ஆழமாகப் படியாது. ஒரே அளவில், ஒரே நிறத்தில் குறைந்தது மூன்று சட்டைகளாவது கையிருப்பில் இருக்க வேண்டும். முதல் டேக் சரியாக அமையாவிட்டால் துவைத்துக் காயவைக்க நேரம் இருக்காது. இதனால்தான் அனுபவமுள்ள குழுவினர் ரத்தக் காட்சியை அன்றைய படப்பிடிப்பின் கடைசியில் வைக்கின்றனர்.

பொது இடத்தில் படமாக்குவோர், உரிய அனுமதியுடன் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கும் முன்கூட்டியே தகவல் தர வேண்டும். ரத்தம் தோய்ந்த ஆடையுடன் தேநீர்க் கடைக்குச் செல்லும் நடிகரைப் பார்ப்பவருக்கு அது குளுக்கோஸ் என்று தெரிய வாய்ப்பில்லை.