ஐ.பி. முகவரி தானாக வராதபோது... ஒரு சின்ன வரலாறு

போன செமஸ்டர் ப்ராக்டிகல் தேர்வுக்கு முதல் நாள் சாயங்காலம். லேபில் கரண்ட் போய் பத்து நிமிடம் கழித்து வந்தது. யு.பி.எஸ். எப்போதோ உயிரை விட்டிருந்தது என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். நாற்பது கணினிகளும் மறுபடி எழுந்தன, ஆனால் ஒன்றில்கூட நெட்வொர்க் இல்லை. எங்கள் புராஜெக்ட் ஃபைல்கள் எல்லாம் சர்வரில். லேப் அண்ணன் பாவம், ஒவ்வொரு கணினியாகப் போய்க் கேபிளைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தார்.

"கார்டு போயிடுச்சுண்ணே" என்றான் ஒருவன். நாற்பது கார்டும் ஒரே நேரத்திலா? நான் ஒரு கணினியின் ஐ.பி. முகவரியைப் பார்த்தேன். 169.254 என்று தொடங்கியது. பக்கத்துக் கணினியிலும் அதே 169.254, கடைசி இரண்டு எண்கள் மட்டும் வேறு. எங்கள் லேபில் எல்லா முகவரியும் 10-இல் தொடங்கும். இது எங்கிருந்து வந்தது?

கொஞ்ச நேரத்தில் யாரும் எதுவும் செய்யாமலே எல்லாம் சரியாகிவிட்டது. தேர்வும் நடந்தது. ஆனால் அந்த 169.254 மட்டும் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. தேடப் போனேன், தேடல் 1984-இல் கொண்டுபோய் விட்டது. அந்தக் கதைதான் இது.

முதலில் அடிப்படை, இரண்டே வரியில். நெட்வொர்க்கில் பேச ஒவ்வொரு கணினிக்கும் ஓர் ஐ.பி. எண் வேண்டும். அதைக் கையால் எழுதிக் கொடுக்கலாம், அல்லது கணினியே எழுந்தவுடன் யாரிடமாவது கேட்டு வாங்கலாம். கேட்டு வாங்கும் இன்றைய முறைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். உங்கள் போன் வை-ஃபையில் சேரும்போதெல்லாம் இதைத்தான் செய்கிறது.

ஆரம்பத்தில் எல்லாமே கைவேலைதான். அதில் பெரிய சிரமமும் இல்லை, கணினிகள் குறைவு. தொந்தரவு தொடங்கியது 1980-களில், வட்டு இல்லாத கணினிகள் வந்தபோது. அப்போது ஹார்ட் டிஸ்க் விலை அதிகம். அதனால் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் போன்ற நிறுவனங்கள் டிஸ்க்கே இல்லாத வொர்க்ஸ்டேஷன்களை விற்றன. எழுந்தவுடன் தன் இயங்குதளத்தையே நெட்வொர்க் வழியாக வாங்கிக்கொள்ளும் இயந்திரங்கள் அவை. (சன் என்ற பெயரே ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டி நெட்வொர்க் என்பதன் சுருக்கம்தான்.) இதில் ஒரு சிக்கல். டிஸ்க் இல்லை என்றால் தன் ஐ.பி. எண்ணை எங்கே எழுதி வைத்துக்கொள்வது? எழுந்திருக்கும் நேரத்தில் அந்த இயந்திரத்துக்குத் தெரிந்த ஒரே விஷயம், ஈதர்நெட் கார்டில் தொழிற்சாலையிலேயே பொறித்த எண்.

1984 ஜூனில் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த நான்கு பேர் இதற்கு ஒரு வழி எழுதினார்கள். இணைய விதிகளை வெளியிடும் ஆர்.எஃப்.சி. வரிசையில் அது 903-ஆவது ஆவணம். ஐ.பி. எண்ணை வைத்துக் கார்டு எண்ணைக் கண்டுபிடிக்கும் ஏ.ஆர்.பி. என்ற முறை 1982-இலேயே இருந்தது. இவர்கள் அதைத் தலைகீழாகத் திருப்பினார்கள். அதனால் பெயரும் ரிவர்ஸ் ஏ.ஆர்.பி. "என் கார்டு எண் இது, என் ஐ.பி. என்ன?" என்று கேபிள் முழுக்கக் கேட்கும்படி கத்துவது, தெரிந்த சர்வர் பதில் சொல்வது. அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கத்தல் ரவுட்டரைத் தாண்டாது. ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு சர்வர் வேண்டும். கிடைக்கும் பதிலும் வெறும் ஐ.பி. எண் மட்டும்தான். வெளியே போகும் வழி எது, எந்த ஃபைலை ஏற்றிக்கொண்டு எழ வேண்டும் என்பதெல்லாம் அதில் வராது.

அடுத்த வருடமே, 1985 செப்டம்பரில், ஆர்.எஃப்.சி. 951 வந்தது. பூட்-பி. எழுதியவர்கள் ஸ்டான்ஃபோர்டின் பில் கிராஃப்ட், சன் நிறுவனத்தின் ஜான் கில்மோர். (இதே கில்மோர்தான் 1990-இல் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனைத் தொடங்கிய மூவரில் ஒருவர்.) எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் இதுதான். சின்னதாக இருக்கும், ஒரு மாலையில் படித்துவிடலாம். படித்தால் இன்றைக்கு நம் லேபில் வரும் கோளாறுகள் பாதி அதற்குள்ளேயே இருக்கின்றன.

உதாரணமாக ஓரிடத்தில் அவர்கள் ஒரு காட்சியை யோசிக்கிறார்கள். ஒரே கேபிளில் நூறு கணினிகள், கரண்ட் போய் வந்து எல்லாம் ஒரே நேரத்தில் எழுகின்றன. ஒவ்வொன்றும் நான்கு நொடிக்கு ஒருமுறை "என் எண் என்ன" என்று கேட்டால் நெட்வொர்க் மூழ்கிவிடும். ஆகவே பதில் வராவிட்டால் காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டே போ, அதிலும் கொஞ்சம் முன்பின்னாகக் கேள், எல்லோரும் ஒரே தாளத்தில் கத்தாதீர்கள் என்கிறார்கள். எங்கள் லேப் அப்படியே கண்முன் வந்தது :) இன்றைய டி.எச்.சி.பி. விதியிலும் அதே கணக்குதான்: 4 நொடி, 8, 16 என்று 64 வரை.

இன்னொரு பகுதிக்கு அவர்கள் வைத்த தலைப்பே கோழி, முட்டை பிரச்சினை. கேட்பவனுக்குத் தன் ஐ.பி. எண் தெரியாது. அப்படியிருக்க சர்வர் அந்த எண்ணுக்குப் பதில் அனுப்பினால் அது தனக்குத்தான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? இரண்டு வழி சொல்கிறார்கள். ஒன்று, சர்வர் தன் ஏ.ஆர்.பி. அட்டவணையில் அந்தக் கணினியைக் கையால் சேர்த்துக்கொண்டு நேராக அனுப்பலாம். அதற்கு வசதி இல்லையென்றால் எல்லோருக்கும் கேட்கும்படி பிராட்காஸ்ட் செய்துவிடலாம். 1993-இல் இதைத் தெளிவாக்க ஒரே ஒரு பிட் சேர்த்தார்கள். அந்த பிட் 1 என்றால், "எனக்கு நேராக அனுப்பாதே, பொதுவில் சொல்" என்று பொருள்.

ஒரு பிட்டில் என்ன வந்துவிடப் போகிறது என்கிறீர்களா? 2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா கடைகளுக்கு வந்தது. எக்ஸ்.பி. அந்த பிட்டை 0 என்று வைத்துக் கேட்டது, விஸ்டா 1 என்று வைத்தது. விதிப்படி இரண்டுமே சரி. ஆனால் சில வீட்டு ரவுட்டர்கள் 1 என்று வந்த கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லப் பழகியிருக்கவில்லை. அதே வீடு, அதே ரவுட்டர், பழைய கணினி வேலை செய்கிறது, புதிதாக வாங்கிய கணினிக்கு முகவரி கிடைக்கவில்லை. ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றச் சொல்லி மைக்ரோசாஃப்ட் தனிக் குறிப்பே வெளியிட்டது. 1985-இன் கோழி 2007-இல் வந்து கூவியிருக்கிறது.

பூட்-பியில் ஒரு குறை மீதம் இருந்தது. எந்தக் கார்டுக்கு எந்த எண் என்று நிர்வாகி ஒரு ஃபைலில் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். கொடுத்த எண் கொடுத்ததுதான், திரும்பி வராது. இடம் பெயராத வொர்க்ஸ்டேஷனுக்கு அது போதும். இன்று வந்து நாளை போகும் மடிக்கணினிக்கு? பென்சில்வேனியாவில் உள்ள பக்னெல் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் டிராம்ஸ் 1993 அக்டோபரில் டி.எச்.சி.பி.யை எழுதி வெளியிட்டார். இன்றும் நாம் பயன்படுத்தும் வடிவம் 1997 மார்ச்சில் வந்த ஆர்.எஃப்.சி. 2131. புதிதாகத் தொடங்காமல் பூட்-பியின் கடிதத்தையே வைத்துக்கொண்டு உள்ளே மட்டும் மாற்றினார்கள். அதே 67, 68 போர்ட்டுகள். பூட்-பி காலத்தில் அடையாளமாகச் சேர்த்த 99.130.83.99 என்ற நான்கு எண்களும் இன்று உங்கள் போன் அனுப்பும் கேள்வியில் அப்படியே இருக்கின்றன.

புதிதாக வந்த பெரிய யோசனை வாடகை. எண் சொந்தம் இல்லை, குத்தகை. பாதி நேரம் முடிந்ததும் கொடுத்த சர்வரிடமே "நீட்டித்துக் கொடு" என்று கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் 87.5 சதவீத நேரத்தில் எந்த சர்வராவது கொடுங்கள் என்று பொதுவில் கேட்க வேண்டும். அதற்கும் பதில் இல்லாமல் தவணை தீர்ந்தால் எண்ணை விட்டுவிட வேண்டும்.

கோளாறு தேடுபவர்களைக் குழப்புவது இந்தக் கணக்குதான். குத்தகை 8 மணி நேரம் என்று வையுங்கள். காலை 10 மணிக்கு டி.எச்.சி.பி. சர்வர் செத்துவிட்டது. 10 மணிக்கு ஒருவரும் புகார் சொல்ல மாட்டார்கள். காலை 6.05-க்குப் புதுப்பித்தவருக்கு மதியம் 2.05-க்கு நெட் போகும். 9.55-க்குப் புதுப்பித்தவருக்கு மாலை 5.55 வரை ஒன்றும் ஆகாது. ஒருவர் பின் ஒருவராகப் புகார் வரும். பார்ப்பவர் ஒவ்வொரு கணினியிலும் தனித்தனிக் கோளாறு என்றுதான் நினைப்பார். நடந்த விஷயமோ நான்கு மணி நேரத்துக்கு முன்பே முடிந்துபோனது.

குத்தகை முடிந்தும் காலி செய்யாத குடித்தனக்காரர்களும் உண்டு. 2010 ஏப்ரலில் ஐபேட் விற்பனைக்கு வந்த சில நாட்களிலேயே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் இதைக் கவனித்தது. சில ஐபேடுகள் தவணை முடிந்த பிறகும் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருந்தன. சர்வர் அந்த எண்ணை வேறொருவருக்குக் கொடுத்தால் இருவருக்கும் தகராறு. பல்கலைக்கழகம் சில கருவிகளை நெட்வொர்க்கிலிருந்தே தடுத்து வைக்க வேண்டியதாயிற்று.

இனி நம்ம 169.254-க்கு வருவோம். சர்வரே இல்லாத இடத்தில், இரண்டு கணினியை ஒரு கேபிளில் இணைத்தால் பேச முடியுமா? ஆப்பிளின் பழைய ஆப்பிள்டாக்கில் முடியும். கணினி தானே ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து, "இது யாருடையதாவது உண்டா?" என்று கேட்டுப் பார்த்து, பதில் இல்லையென்றால் வைத்துக்கொள்ளும். ஐ.பி. உலகுக்கு இந்த நாகரிகம் 1998-இல், விண்டோஸ் 98-உம் மேக் ஓ.எஸ். 8.5-உம் வந்தபோதுதான் வந்தது. விதியாக எழுதப்பட்டது 2005 மே மாதம், ஆர்.எஃப்.சி. 3927. எழுதிய மூவர் ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், சன் என்று மூன்று நிறுவனத்துக்காரர்கள். 169.254 என்ற வரிசை இதற்காகவே ஒதுக்கியது.

ஆக அந்த எண் ஒரு கோளாறு அல்ல. "கேட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை, நானே ஒன்றை வைத்துக்கொண்டேன்" என்று கணினி சொல்லும் வாக்குமூலம். கார்டும் அதன் டிரைவரும் உயிரோடு இருப்பதற்கும் அதுவே சாட்சி. பிழை பெரும்பாலும் வழியிலோ சர்வரிலோ இருக்கும். எங்கள் லேபில் நடந்தது எளிது: கணினிகள் ஒரு நிமிடத்தில் எழுந்துவிட்டன, பழைய சர்வர் எழ அதிக நேரம் எடுத்துக்கொண்டது. விண்டோஸ் சில நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி கேட்டுப் பார்க்கும் என்பதால் தானாகவே சரியானது.

169.254 வருவதுகூடப் பரவாயில்லை. தப்பான எண் ஒழுங்காக வந்து உட்கார்ந்துகொள்வதுதான் மோசம். இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

டி.எச்.சி.பி.யில் கேட்பவனுக்குப் பதில் சொல்வது யார் என்ற சோதனையே கிடையாது. யார் முதலில் பதில் சொல்கிறாரோ பெரும்பாலும் அவர் கொடுத்த எண்தான். போலி சர்வர்களை எளிதாக வைத்துவிடலாம் என்று ஆர்.எஃப்.சி. 2131-லேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 2001-இல் அடையாளச் சோதனைக்கு ஒரு விதி எழுதினார்கள், அதைக் கையாண்டவர்கள் மிகக் குறைவு. இதில் ஒரு வேடிக்கை, நல்ல சர்வர் மெதுவாகத்தான் பதில் சொல்லும். பல ஆண்டுகள் பரவலாக ஓடிய ஐ.எஸ்.சி.யின் டி.எச்.சி.பி. சர்வர் (2022 இறுதியில் பராமரிப்பை நிறுத்திவிட்டார்கள்) புதிதாக ஓர் எண்ணைக் கொடுக்கும் முன் அதை வேறு யாராவது வைத்திருக்கிறார்களா என்று பிங் செய்து ஒரு நொடி காத்திருக்கும். அவசரக்கார ரவுட்டருக்கு அந்த ஒரு நொடி போதும்.

எங்கள் விடுதியில் இரண்டு நாள் பாதி அறைகளில் நெட் இல்லை. எல்லோரும் லேப் அண்ணன்தான் எதையோ மாற்றிவிட்டார் என்று முடிவு கட்டி வார்டனுக்குப் புகார் எழுதினோம். நானும் கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் நாள் பக்கத்து அறை நண்பனின் கணினியைப் பார்த்தேன். 10-இல் தொடங்க வேண்டிய முகவரி 192.168.0 என்று இருந்தது. கேட்வே 192.168.0.1. அந்த எண்ணை பிரவுசரில் தட்டினேன். ஒரு ரவுட்டரின் லாகின் பக்கம் வந்தது. அது என் ரவுட்டரின் பக்கம்.

என் அறையில் வை-ஃபை வேண்டும் என்று ஊரிலிருந்து கொண்டுவந்த ரவுட்டர். சுவரிலிருந்து வந்த கேபிளை அதன் வான் போர்ட்டில் செருகுவதற்குப் பதில் லான் போர்ட்டில் செருகியிருந்தேன். என் அறைக்குள் எண் கொடுக்க வேண்டியது, விடுதி முழுக்கக் கொடுத்துக்கொண்டிருந்தது. டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங் என்று ஸ்விட்சில் ஒரு வசதி உண்டு, இன்ன போர்ட்டிலிருந்து மட்டும்தான் பதில் வரலாம் என்று பூட்டிவிடலாம். எங்கள் விடுதி ஸ்விட்சில் அது இல்லை.

அன்று சாயங்காலம் ரவுட்டரைப் பையில் போட்டுக்கொண்டு அண்ணனிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "புகாரை யாரு திரும்ப வாங்குறது?" என்று மட்டும் கேட்டார். கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரிடமும் விஷயத்தைச் சொல்லி, மறுநாள் வார்டனிடம் போய் வாங்கி வந்தேன். அந்த ரவுட்டர் இப்போது லேபில், அண்ணன் மேசைக்குக் கீழே இருக்கிறது. டி.எச்.சி.பி.யை அணைத்துவிட்டு வெறும் ஸ்விட்சாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்.