ஒரு நாளைக்கு ஒரு வசனம்: ஹெர்ன்ஹூட் கிராமத்தின் கதை

ஜனவரி முதல் தேதி எடுக்கும் தீர்மானங்கள் பொங்கல் வரைகூடத் தாங்குவதில்லை என்பது ஊரறிந்த விஷயம். "இந்த வருஷம் தினமும் வேதம் வாசிப்பேன், அதிகாலையில் எழுந்து ஜெபிப்பேன்" என்று புத்தாண்டு ஆராதனையில் முடிவெடுப்பவர்களின் நிலையும் இதுதான். ஆதியாகமத்தில் உற்சாகமாகத் தொடங்கும் வாசிப்பு லேவியராகமத்துக்கு வந்ததும் நின்றுவிடும்!

ஆனால் 1728-ம் ஆண்டு மே மாதம் ஜெர்மனியின் ஒரு சின்னக் கிராமத்தில் தொடங்கிய ஒரு சிறிய பழக்கம் இன்றுவரை நிற்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரே ஒரு வசனம். அவ்வளவுதான் அந்தப் பழக்கம். பெரிய பெரிய தீர்மானங்கள் தோற்ற இடத்தில் இது எப்படி ஜெயித்தது? அதற்கு அந்தக் கிராமத்தின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அகதிகள் கட்டிய ஊர்

மார்ட்டின் லூத்தருக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே திருச்சபையில் சீர்திருத்தம் வேண்டும் என்று குரல் கொடுத்தவர் பொஹீமியாவைச் சேர்ந்த ஜான் ஹஸ். 1415-ல் அவரை உயிரோடு எரித்தார்கள். அவர் வழியில் வந்தவர்கள் 1457-ல் தங்களுக்கென்று ஒரு சகோதர சபையை அமைத்துக்கொண்டார்கள். 1620-ல் பிராகா நகருக்கு அருகே நடந்த போரில் புராட்டஸ்டண்டு படை தோற்றபின், அந்தச் சபையார் பொஹீமியாவிலும் மொரேவியாவிலும் வெளிப்படையாக வாழ முடியாமல் போயிற்று. சிலர் நாட்டை விட்டு ஓடினார்கள். சிலர் தங்கள் விசுவாசத்தை வீட்டுக்குள்ளேயே மறைத்து வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

அப்படி மறைந்து வாழ்ந்த குடும்பங்களில் சில, 1722-ல் எல்லையைக் கடந்து சாக்சனி நாட்டுக்கு வந்து சேர்ந்தன. அவர்களை அழைத்து வந்தவர் கிறிஸ்டியன் டேவிட் என்ற தச்சர். இடம் கொடுத்தவர் நிக்கோலாஸ் லுட்விக் வான் சின்சென்டார்ஃப் என்ற பிரபு. அப்போது அவருக்கு வயது 22! 1722 ஜூன் 17 அன்று முதல் மரத்தை வெட்டி வீடு கட்டத் தொடங்கினார்கள். ஊருக்கு ஹெர்ன்ஹூட் என்று பெயர் வைத்தார்கள். 'கர்த்தருடைய காவல்' என்பது அதன் பொருள்.

இந்தச் சின்சென்டார்ஃபுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு சிறிய தொடர்பு உண்டு. அவர் சிறுவனாக ஹாலே நகரில் பிராங்கே நடத்திய பள்ளியில் படித்தார். தரங்கம்பாடியில் 1706-ல் வந்து இறங்கிய சீகன்பால்க் ஐரோப்பா சென்றிருந்தபோது 1715-ல் ஹாலேவுக்கும் போனார். பிராங்கேயின் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மிஷனெரிகள் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் சின்சென்டார்ஃப். தூர தேசத்து மக்களைப் பற்றிய எண்ணம் அவர் மனதில் விழுந்தது அங்கேதான்.

சண்டையில் தொடங்கிய பழக்கம்

ஹெர்ன்ஹூட் தொடக்கத்தில் ஒரு பக்தியுள்ள ஊராக இருந்தது என்று நினைத்தால் அது தவறு. ஐந்தே ஆண்டுகளில் அங்கே சில நூறு பேர் சேர்ந்துவிட்டார்கள். மொரேவியர், லூத்தரன், சீர்திருத்த சபையார் என்று ஆளுக்கொரு பின்னணி. விசுவாசத்துக்காக வீடு வாசலை விட்டு வந்தவர்களே ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்தார்கள். ஊர்ப் போதகரை எதிர்த்து ஒரு கூட்டம், பிரபுவையே எதிர்த்து ஒரு கூட்டம்!

1727-ல் சின்சென்டார்ஃப் டிரெஸ்டன் அரசவையில் பார்த்த வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தார். வீடு வீடாகப் போய்ப் பேசினார். மே 12 அன்று எல்லோரும் சேர்ந்து வாழ்வதற்கான ஒரு உடன்படிக்கை ஏற்கப்பட்டது. ஆகஸ்ட் 13 அன்று நடந்த திருவிருந்து ஆராதனையில் பகைத்தவர்கள் கண்ணீரோடு ஒப்புரவானார்கள். மொரேவிய சபையார் அந்த நாளை இன்றும் தங்கள் சபையின் மறுபிறப்பாக நினைவுகூருகிறார்கள்.

இதுவரை நடந்தது எந்த எழுப்புதல் கூட்டத்திலும் நடக்கக்கூடியதுதான். கண்ணீர் காய்ந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதே இந்த ஊரின் சிறப்பு. இரண்டே வாரத்தில், ஆகஸ்ட் 27 அன்று, 24 ஆண்களும் 24 பெண்களும் ஒரு நாளின் 24 மணி நேரத்தைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம் ஜெபம். இந்தத் தொடர் ஜெபம் நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்ததாக மொரேவிய சபை வரலாறு கூறுகிறது. ஒருவரே நாள் முழுவதும் ஜெபிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் ஒரு வாரம்கூடத் தாண்டியிருக்காது!

அடுத்த ஆண்டு, 1728 மே 3 அன்று மாலை நடந்த பாடல் கூட்டத்தில், மறுநாள் முழுவதும் நினைவில் வைத்துக்கொள்ளும்படி ஒரு சிறிய வாக்கியத்தை சின்சென்டார்ஃப் சபையாருக்குக் கொடுத்தார். அதற்கு 'லோசுங்' என்று பெயர். இது போர்வீரர்களின் சொல். இரவில் காவல் நிற்கும் வீரர்களுக்கு அன்றன்று ஒரு கடவுச்சொல் கொடுப்பார்கள். அதைச் சொன்னால்தான் நம் ஆள் என்று தெரியும். 'கர்த்தருடைய காவல்' என்று பெயர் கொண்ட ஊருக்குப் பொருத்தமான சொல்தான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாள் காலையும் ஒரு சகோதரர் வீடு வீடாகப் போய் அன்றைய வசனத்தைச் சொல்வார். வசனத்தைக் கொடுப்பதோடு அவர் வேலை முடியாது. அந்த வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, ஏதாவது கஷ்டமா என்றும் பார்த்து வருவார். இப்படி வசனமும் நலம் விசாரிப்பும் ஒன்றாகவே வாசலுக்கு வந்தன. 1731-ம் ஆண்டுக்கு முழு ஆண்டுக்கான வசனங்களும் புத்தகமாக அச்சாகின. 1732-ல் லியோனார்ட் டோபர் என்ற குயவரும் டேவிட் நிட்ச்மேன் என்ற தச்சரும் கரீபியன் கடலில் உள்ள செயின்ட் தாமஸ் தீவுக்கு மிஷனெரிகளாகப் புறப்பட்டார்கள். 1733-ல் வேறு சிலர் கிரீன்லாந்துக்குப் போனார்கள். 1760-ல் மொரேவியர் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள். வீட்டு வாசலுக்கு வந்து சொல்ல ஆள் இல்லாத தூரத்திலும், கையில் புத்தகம் இருந்தால் ஊரில் இருப்பவர்கள் வாசிக்கும் அதே வசனத்தை அதே நாளில் வாசிக்கலாம்.

பழக்கம் இருந்தும் நிம்மதி இல்லாதவர்

பழக்கம் இருந்துவிட்டால் விசுவாசம் தானாக வந்துவிடுமா? இந்தக் கேள்வியோடு வாழ்ந்தவர் ஜான் வெஸ்லி. 1729 முதல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் அவரும் அவர் தம்பி சார்லஸும் நண்பர்களும் ஒரு சிறு குழுவாகக் கூடினார்கள். அதிகாலையில் எழுவது, வாரத்தில் இரண்டு நாள் உபவாசம், சிறைச்சாலை சந்திப்பு, எந்த மணி நேரத்தில் என்ன செய்தோம் என்று நாட்குறிப்பில் எழுதுவது எனப் பழக்கத்துக்குக் குறைவே இல்லை. உடன் படித்த மாணவர்கள் 'மெதடிஸ்டுகள்', அதாவது எதற்கெடுத்தாலும் முறை பார்ப்பவர்கள் என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலிப் பெயரே பிற்காலத்தில் ஒரு பெரிய சபையின் பெயராயிற்று!

1736 ஜனவரி 25 அன்று வெஸ்லி அமெரிக்கா நோக்கிக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். அதே கப்பலில் மொரேவியர் சிலரும் இருந்தார்கள். அவர்கள் ஆராதனையில் சங்கீதம் பாடிக்கொண்டிருக்கும்போது பெரும் அலை கப்பல்மேல் மோதிப் பாயைக் கிழித்தது. ஆங்கிலேயர் அலறினார்கள். மொரேவியரோ பாட்டை நிறுத்தவே இல்லை. பயமாக இல்லையா என்று பிறகு வெஸ்லி கேட்டபோது, எங்கள் பெண்களும் பிள்ளைகளும்கூடச் சாவதற்குப் பயப்படுவதில்லை என்று பதில் வந்தது. இத்தனை ஒழுங்காக ஜெபித்தும் தனக்கு இல்லாத ஒன்று இவர்களிடம் இருக்கிறது என்று வெஸ்லி உணர்ந்தார். 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில் அவருக்கு அந்த நிச்சயம் கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் ஹெர்ன்ஹூட்டுக்கே நேரில் போய்ப் பார்த்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால், பழக்கம் வீண், அனுபவமே முக்கியம் என்று சொல்லிவிடலாம். ஆனால் லண்டனில் வேறொரு பிரச்சினை கிளம்பியது. பிலிப் ஹென்ரிக் மோல்தர் என்ற மொரேவியப் போதகர், முழு விசுவாசம் வராதவர்கள் ஜெபம், வேதவாசிப்பு, திருவிருந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அமைதியாகக் காத்திருக்க வேண்டும் என்று போதித்தார். வெஸ்லி இதை ஒப்புக்கொள்ளவில்லை. விசுவாசம் குறைவாக இருக்கும்போதுதான் இந்த வழிகள் அதிகம் தேவை என்றார். 1740 ஜூலையில் அந்தச் சங்கத்தை விட்டே வெளியேறினார். பழக்கத்தால் மட்டும் நிம்மதி வராது என்று அனுபவித்தவர் அவர். அவரே பழக்கத்தை விடாதே என்று வாதாடியதுதான் கவனிக்க வேண்டியது. ஊற்றில் தண்ணீர் வருவது மனிதன் கையில் இல்லை. ஆனால் குடத்தோடு அங்கே போய் நிற்பது அவன் கையில் இருக்கிறது.

முணுமுணுத்த மாணவர்கள்

இரண்டு நூற்றாண்டுகள் தள்ளி வருவோம். ஹிட்லர் ஆட்சியில், 1935-ல், ஃபின்கன்வால்டே என்ற இடத்தில் எதிர்காலப் போதகர்களுக்கான ஒரு பயிற்சிப் பள்ளியை டீட்ரிக் போன்ஹோஃபர் நடத்தினார். ஒரு வாரம் முழுவதும் ஒரே வேதப்பகுதி. தினமும் அரை மணி நேரம் அதை மௌனமாகத் தியானிக்க வேண்டும் என்பது அங்கே விதி. மாணவர்கள் முணுமுணுத்தார்கள். மனம் எங்கெங்கோ அலைகிறது, இந்த நேரத்தில் என்ன செய்வது என்றே தெரியவில்லை என்பது அவர்கள் குறை. போன்ஹோஃபர் உட்கார்ந்து அவர்களோடு பேசினார். பழக்கத்தை மட்டும் கைவிடவில்லை. 1937-ல் இரகசியப் போலீஸ் அந்தப் பள்ளியை மூடியது.

ஹெர்ன்ஹூட் வசனப் புத்தகம் போன்ஹோஃபரின் தினசரித் துணை. 1939 ஜூனில் அவர் பாதுகாப்பாக நியூயார்க்கில் இருந்தார். அங்கேயே தங்கியிருக்கலாம். அன்றாட வசனங்கள் தன்னை என்ன கேட்கின்றன என்று நாட்குறிப்பில் எழுதிக்கொண்டே இருந்தவர், ஜூலையில் ஜெர்மனிக்குத் திரும்பிவிட்டார். 1943 ஏப்ரலில் கைதானார். 1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோற்றது. அதில் தொடர்புடையவர்களுக்கு இனி மரணம்தான் என்பது அவருக்குத் தெரியும். மறுநாள் சிறையிலிருந்து நண்பர் பெத்கேவுக்கு எழுதிய கடிதத்தில் அவர் குறிப்பிட்டது, அந்த இரண்டு நாட்களின் ஹெர்ன்ஹூட் வசனங்கள் எவ்வளவு அழகாக இருந்தன என்பதைத்தான்! இரண்டாம் நாளின் வசனம் மேய்ப்பனைப் பற்றிய 23-ம் சங்கீதத்தின் தொடக்கம். 1945 ஏப்ரல் 9 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார்.

அந்த நாளுக்கென்று அவர் எந்த வசனத்தையும் தேடிப் பிடிக்கவில்லை. தினமும் திறக்கும் பக்கத்தில் அது இருந்தது. சாதாரண நாட்களில் அந்தப் புத்தகத்தைத் திறந்து பழகியிருந்ததால் அன்றும் கை தானாக அங்கே போனது.

ஏன் நிலைத்தது?

ஹெர்ன்ஹூட்டில் இன்றும் ஒவ்வொரு நாளுக்கான பழைய ஏற்பாட்டு வசனமும் சுமார் 1,800 வசனங்களிலிருந்து சீட்டுப் போட்டே எடுக்கப்படுகிறது. அதற்குப் பொருத்தமான புதிய ஏற்பாட்டு வசனத்தைப் பிறகு தேர்ந்தெடுக்கிறார்கள். 50-க்கும் மேற்பட்ட மொழிகளில் புத்தகம் வருகிறது. 2024-ல் ஹெர்ன்ஹூட் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் இடம்பெற்றது. தமிழ்நாட்டுச் சபைகளில் புத்தாண்டு இரவில் வாக்குத்தத்த அட்டை எடுப்பவர்களுக்கு இந்தச் சீட்டு முறை அந்நியமாகத் தோன்றாது. ஒரே வித்தியாசம், அட்டை வருடத்துக்கு ஒன்று; இது நாளுக்கு ஒன்று.

இந்தப் பழக்கம் நிலைத்ததற்கான காரணங்கள் கதையிலேயே இருக்கின்றன. அது மிகச் சிறியது. காய்ச்சலில் படுத்திருப்பவராலும் ஒரு வசனத்தை வாசிக்க முடியும். அது தனி ஆளின் முயற்சி அல்ல. ஒருவர் மறந்தாலும் இன்னொருவர் வாசலில் வந்து நின்றார். மனம் இருந்த நாளிலும் இல்லாத நாளிலும் அது ஒரே மாதிரி வந்தது. நேற்று தவறவிட்டவருக்குப் பாக்கியும் இல்லை. இன்றைய வசனம் இன்றைக்கு வந்துவிடும்.

லேவியராகமத்தில் நின்றுபோனவர்கள் அடுத்த ஜனவரி வரை காத்திருக்கத் தேவையில்லை. நாளைக் காலையில் ஒரு வசனம் வாசித்து, பக்கத்து வீட்டில் உடம்பு சரியில்லாதவரை ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்தால் போதும். ஹெர்ன்ஹூட்காரர்களும் அப்படித்தான் தொடங்கினார்கள்.